நாடு பிறக்கும் முன்பே பதக்கம் பிறந்தது, தெரியுமா?

வெண்கலப் பதக்கம் என்றதும் மனசில் என்ன வருகிறது? ஒலிம்பிக் மேடையின் மூன்றாவது படிதானே! "தங்கம் போச்சு, வெள்ளியும் போச்சு, வெண்கலமாவது வந்ததே" என்ற பெருமூச்சுதானே! ஆனால் 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமே கிடையாது, தெரியுமா? முதலில் வந்தவருக்கு வெள்ளி. இரண்டாவதாக வந்தவருக்கு வெண்கலம். மூன்றாவதாக வந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். வெண்கலத்தை மூன்றாம் படிக்கு இறக்கியது 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்தான்.

அந்த மேடையை இத்தோடு மறந்துவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு வெண்கலம். அரசுகள் தங்கள் வெற்றியை, வாக்குறுதியை, சில சமயம் பொய்யைக்கூட வட்டமாக அடித்து வெளியிட்ட நினைவுப் பதக்கங்கள். உலகம் முழுவதும் இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தால் ஒரு ராத்திரி போவது தெரியாது!

முதல் ஆச்சரியத்திலிருந்தே தொடங்குவோம். அமெரிக்கா என்ற நாடு தன் சுதந்திரத்தை அறிவித்தது 1776 ஜூலை 4. அந்த நாட்டின் முதல் பதக்கத்துக்கு உத்தரவானது எப்போது தெரியுமா? 1776 மார்ச் 25! நாடே இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் பதக்கத்துக்குத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். பாஸ்டன் நகரைச் சுற்றியிருந்த குன்றுகளில் ஜார்ஜ் வாஷிங்டன் பீரங்கிகளை ஏற்றி நிறுத்த, பிரிட்டிஷ் படை மார்ச் 17 அன்று கப்பலேறிக் கிளம்பிப் போனது. அதற்கு எட்டே நாளில், அமெரிக்க மாமன்றம் (காங்கிரஸ்) அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் என்று முடிவு செய்தது.

முடிவு செய்தாயிற்று. அடிப்பது யார்? அவர்களிடம் நாணயச்சாலை இல்லை. அச்சு வெட்டத் தெரிந்த பெரிய கலைஞரும் இல்லை. வேலை பாரீஸுக்குப் போனது. அங்கே தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அலைந்து திரிந்து மேற்பார்வை பார்த்தார். சிற்பி ஊதோன் வடித்த வாஷிங்டன் தலையை மாதிரியாக வைத்து, துவிவியே என்ற செதுக்குநர் அச்சு வெட்டினார். பதக்கம் வாஷிங்டன் கைக்கு வந்தபோது ஆண்டு 1790. பதினான்கு வருஷம்! படைத்தலைவராக இருந்தபோது அறிவித்த பரிசை நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக ஆன பிறகு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பதக்கத்தின் வெண்கலப் படி ஒன்றை எப்போதாவது பார்க்க வாய்த்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். முன்னால் மேட்டு நிலம். அதில் குதிரைமேல் வாஷிங்டன், பக்கத்தில் அதிகாரிகள். தரையில் பீரங்கி. தூரத்தில் நகரம். அதற்கும் அப்பால், கடுகளவு கப்பல்கள். பாய் விரித்துப் போய்க்கொண்டிருக்கின்றன. ஏழு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வட்டத்தில் ஒரு படையே புறப்பட்டுப் போகிறது! கீழே லத்தீன் வாசகம்: எதிரிகள் முதல்முறையாக ஓடினார்கள், பாஸ்டன் மீட்கப்பட்டது என்று. தங்க மூலம் இப்போது பாஸ்டன் பொது நூலகத்தின் உடைமை. அது ஒன்றே ஒன்று. ஆனால் வெண்கலத்தில் அதே காட்சி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

இந்த வேறுபாடுதான் என்னை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டது. தங்கத்துக்கு எப்போதும் ஆபத்து. உருக்கத் தோன்றும், திருடத் தோன்றும், அடகு வைக்கத் தோன்றும். வெண்கலத்தை யார் திருடப் போகிறார்கள்? அதனால் அது தப்பிப் பிழைத்து வந்துவிடுகிறது.

டேனியல் மார்கன் கதையைக் கேளுங்கள். 1781 ஜனவரி 17, கௌபென்ஸ் என்ற மேய்ச்சல் வெளியில் பிரிட்டிஷ் படையைச் சிதறடித்த தளபதி. அவருக்கும் தங்கப் பதக்கம். செதுக்கியவர் அகஸ்தின் துப்ரே, அந்தக் காலத்துப் பிரான்ஸின் மகா கலைஞர். மார்கன் மறைந்தபின் பதக்கம் பேரனிடம் போனது. பேரனுக்கு பிட்ஸ்பர்க்கில் வங்கி வேலை. பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கிப் பெட்டகத்திலேயே வைத்தார். 1818இல் அந்த வங்கியில் கொள்ளை! பதக்கம் போயே போய்விட்டது. பேரன் விடவில்லை. மாமன்றத்துக்கு மனு மேல் மனு. கடைசியில் 1836இல் புதிதாக ஒன்று அடித்துத் தர ஒப்புதல் கிடைத்தது. பாரீஸில் பாரே என்பவர் புது அச்சு வெட்ட, பதக்கம் தயாராகி வருவதற்குள் பேரனும் காலமாகிவிட்டார். அவர் குடும்பத்துக்குப் போன அந்த இரண்டாவது தங்கம் 2022இல் ஏலத்துக்கு வந்து 9,60,000 டாலருக்குப் போனது. பாரே வெட்டிய அதே அச்சு வரிசையிலிருந்து அமெரிக்க நாணயச்சாலை வெண்கலப் படிகளும் அடித்தது. அவற்றைச் சாமானியர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று: பெஞ்சமின் பிராங்க்ளின் பாரீஸில் இருந்தபோது அதே துப்ரேயிடம் செய்யச் சொன்ன லிபர்டாஸ் அமெரிக்கானா என்ற பதக்கம். ஒரு பக்கம் கூந்தல் காற்றில் பறக்கும் சுதந்திர தேவி. மறுபக்கம் தொட்டில் குழந்தை ஹெர்குலிஸ் இரண்டு கைகளிலும் இரண்டு பாம்புகளை நெரிக்கிறான். அந்தக் குழந்தைதான் அமெரிக்கா. பாம்புகள் இரண்டும் தோற்ற பிரிட்டிஷ் படைகள் இரண்டு. பாய்ந்து வரும் சிங்கம் பிரிட்டன். கேடயம் பிடித்துக் காக்கும் தேவி பிரான்ஸ். தங்கத்தில் இரண்டு அடித்து பிரெஞ்சு அரசருக்கும் அரசிக்கும் கொடுத்தார் பிராங்க்ளின். அந்த இரண்டும் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது! செம்பில் அடித்தவையோ இன்றும் சேகரிப்பாளர்களின் கனவு. 1793இல் அமெரிக்கா தன் முதல் சென்ட் காசுகளை அடித்தபோது அதில் வந்த கூந்தல் பறக்கும் பெண் முகம் இந்தப் பதக்கத்துப் பெண்ணின் சாயல்தான்.

சரி, சாமானியர் கைக்கு இவை எப்படி வந்தன? அதுவும் ஓர் ஆச்சரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே பிலடெல்பியா நாணயச்சாலை தன்னிடமிருந்த அச்சுகளிலிருந்து வெண்கலப் படிகளை அடித்து விலைக்குக் கொடுத்தது. இன்றும் அமெரிக்க மாமன்றம் யாருக்காவது தங்கப் பதக்கம் என்று சட்டம் போட்டால், வெண்கலத்தில் படிகள் அடித்து, அடக்கச் செலவு வருகிற விலையில் மக்களுக்கு விற்கலாம் என்ற வரியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கும். கௌரவம் ஒருவருக்கு, படி எல்லோருக்கும்! 1997இல் கொல்கத்தாவின் அன்னை தெரசாவுக்குக் கொடுத்த பதக்கம் இந்த வரிசைதான். பசுமைப் புரட்சிக்கு விதை தந்த நார்மன் போர்லாக்கின் பதக்கமும் இந்த வரிசைதான். நம் வயல்களின் கோதுமையையே மாற்றிய மனிதரின் முகம், வெண்கலத்தில், வாங்கக்கூடிய விலையில்.

இப்போது கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம். இந்த வெண்கலம் உண்மையில் வெண்கலமா?

நம் ஊரில் பாத்திரக்கடைக்காரரைக் கேட்டால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. இந்தக் கணக்கை வைத்து அமெரிக்கப் பதக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் "வெண்கலம்" என்று விற்றவற்றில் பெரும்பாலானவை சுத்தச் செம்பு! செம்பை அடித்து, மேலே ரசாயனப் பக்குவம் கொடுத்து, தேக்குக் கட்டைக்கு மெருகு ஏற்றிய மாதிரி ஓர் ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தைக் கொண்டுவந்தார்கள். 1901 வாக்கில் பழக்கம் மாறி மஞ்சள் நிறப் பதக்கங்கள் வர ஆரம்பித்தன. அண்மைக்காலப் பதக்கங்களோ செம்பு 90, துத்தநாகம் 10. வெள்ளீயம் துளியும் இல்லை. நம் கணக்குப்படி அது பித்தளையின் சொந்தக்காரன்! பெயர் மட்டும் வெண்கலம். அதனால்தான் தேர்ந்த சேகரிப்பாளர் தேதியை நம்பமாட்டார், நிறத்தைப் பார்ப்பார். 1812இல் பிரிட்டனோடு நடந்த போரின் வீரர் ஒருவரின் பதக்கம் மஞ்சளாக இருந்தால், அது அடிக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில் என்று உடனே தெரிந்துவிடும். அச்சு பழசு, அடி புதுசு. இந்த நுணுக்கங்களையெல்லாம் பிரித்துச் சொன்ன ஆர். டபிள்யூ. ஜூலியன் 1977இல் வெளியிட்ட பெரிய பட்டியல் நூலை இத்துறையில் வேதம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

அந்த நிறம் போனால் எல்லாமே போனது. எனக்குத் தெரிந்த ஒரு புதுச்சேரிக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பதக்கம் ஒன்று அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. பொங்கலுக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது அதையும் எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், நல்லெண்ணத்தில்தான். என் கையில் கொடுத்தபோது அது புதுக் காசு மாதிரி இளஞ்சிவப்பாக மின்னியது. முகத்தின் மூக்கு நுனி மழுங்கியிருந்தது. தலைமுடியின் மெல்லிய கோடுகள் ஒன்றோடு ஒன்று கலந்துபோயிருந்தன. புளியில் இருக்கும் அமிலம் மேல்பூச்சைக் கரைத்துவிடும். கூடச் சேர்ந்த சாம்பல் மேட்டை எல்லாம் அரைத்துவிடும். நூறு வருஷம் உட்கார்ந்து காலம் ஏற்றிய நிறத்தை அரை நெல்லிக்காயளவு புளி பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டது. மனசு பதைத்தது!

ஆனால் விளிம்பைப் பார்த்தேன். அங்கே தேய்ப்பவர் கை படவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், எள்ளளவில் ஒரு தேனீ. பக்கத்தில் செம்பு என்ற பிரெஞ்சுச் சொல். துள்ளிக் குதிக்காத குறைதான்! ஏன் தெரியுமா?

பாரீஸ் நாணயச்சாலை 1832 முதல் தன் பதக்கங்களின் விளிம்பில் ஒரு குட்டி முத்திரையைக் குத்திவருகிறது. முதலில் பழங்கால விளக்கு, 1841 வரை. அப்புறம் ஓராண்டு போல நங்கூரம். 1842இலிருந்து 1845 வரை கப்பலின் முன்முகம். 1845இலிருந்து 1860 வரை சுட்டுவிரல் நீட்டிய கை. அதன்பின் 1879 கடைசி வரை தேனீ. 1880 முதல் கனிகள் பொங்கி வழியும் கொம்பு. முன்பக்கத்தில் எந்தத் தேதி இருந்தாலும் சரி, எந்த மன்னர் முகம் இருந்தாலும் சரி, விளிம்பு தன் பிறந்த காலத்தை ரகசியமாகச் சொல்லிவிடும். நெப்போலியன் பதக்கம் ஒன்றின் விளிம்பில் தேனீ இருந்தால் அது நெப்போலியன் இறந்து ஏறக்குறைய நாற்பது வருஷமாவது கழித்து அடித்தது! முத்திரையே இல்லாமல் விளிம்பு வழவழப்பாக இருந்தால் அப்போதுதான் சேகரிப்பாளருக்கு இதயம் படபடக்கும்: 1832க்கு முந்தையதோ? புதுச்சேரி வீட்டுப் பதக்கத்தின் முகத்தைப் புளி தின்றுவிட்டது. வயதை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை.

பிரான்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பதக்கத்தில் என்ன வாசகம் எழுதுவது என்பதற்கென்றே ஒரு சபை வைத்திருந்தார்கள், தெரியுமா? பதினான்காம் லூயி காலத்தில், 1663இல், அமைச்சர் கோல்பேர் நாலைந்து அறிஞர்களைக் கூட்டிச் சிறு அகாடமி ஒன்றை ஏற்படுத்தினார். மன்னரின் வெற்றிகளுக்குச் சுருக்கமான லத்தீன் வாசகம் எழுதுவதும் எந்தத் தேவதை எந்தக் கையில் எதைப் பிடிக்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர்கள் வேலை. 1702இல் அந்த ஆட்சியின் 286 பதக்கங்களையும் படத்தோடு ஒரு மாபெரும் நூலாக்கினார்கள். அந்தச் சிறு சபை வளர்ந்து கல்வெட்டு அகாடமியாகி, நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்கப் புரட்சிப் பதக்கங்களுக்கும் லத்தீன் எழுதிக் கொடுத்தது. மன்னராட்சியின் புலவர்கள் எழுதிய வரிகள் ஒரு குடியரசின் மார்பில்!

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பொய். 1804இல் நெப்போலியன் ஆங்கிலக் கால்வாயின் பிரெஞ்சுக் கரையில் பெரும்படையைக் குவித்து வைத்து, இங்கிலாந்தில் இறங்கக் காத்திருந்தார். இறங்கிய பிறகு வெளியிடுவதற்கென்று ஒரு பதக்கம் முன்கூட்டியே தயாரானது. ஹெர்குலிஸ் ஒரு மீன்வால் மனிதனைக் கட்டிப்பிடித்து நெரிக்கிறான். "இங்கிலாந்தில் இறக்கம்" என்று தலைப்பு. அடியில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "1804இல் லண்டனில் அடிக்கப்பட்டது"! நெப்போலியன் லண்டன் மண்ணை மிதிக்கவே இல்லை. மறு ஆண்டு டிரஃபால்கரில் அவர் கடற்படை நொறுங்கியது. நடக்காத வெற்றிக்கு, போகாத ஊரில் அடித்ததாக ஒரு பதக்கம். சரித்திரத்தில் இப்படி ஒரு அவசரக் குடுக்கை இருக்குமா!

பொய்யைவிட வலிப்பது காப்பாற்றாத வாக்குறுதி. அமெரிக்க அரசு பூர்வகுடித் தலைவர்களுக்கு அமைதிப் பதக்கம் என்று வெள்ளியில் கொடுத்துவந்தது. முன்பக்கம் அப்போதைய குடியரசுத் தலைவர். பின்பக்கம், ஜெபர்சன் குடியரசுத் தலைவரான பிறகு, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன. ஜெபர்சன் காலத்துப் பதக்கத்தை உற்றுப் பாருங்கள்: ஒரு கையில் ராணுவச் சட்டையின் பொத்தான் வைத்த மடிப்பு, இன்னொரு மணிக்கட்டில் கழுகு பொறித்த அகலமான காப்பு. மேலே குறுக்காக ஒரு புகைக்குழலும் ஒரு கோடரியும். "அமைதியும் நட்பும்" என்று வாசகம். 1804இல் மேற்குத் திசைக்கு ஆய்வுப் பயணம் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் இவற்றைத்தான் மூட்டையில் எடுத்துப் போனார்கள். பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலிருந்து கிளப்பச் சட்டம் கொண்டுவந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் பதக்கத்திலும் அதே குலுக்கும் கைகள்தான், அதே நட்புதான்! பிறகு 1850களின் தொடக்கத்தில், குடியரசுத் தலைவர் ஃபில்மோர் காலத்தில், அந்தக் கைகளை எடுத்துவிட்டார்கள். "உழைப்பு, ஒழுக்கம், கௌரவம்" என்று புது வாசகம். குடியேறிய வெள்ளைக்காரர் பூர்வகுடி மனிதருக்கு உழவைக் காட்டிப் பாடம் சொல்கிற படம். நண்பர் என்ற இடத்திலிருந்து மாணவர் என்ற இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். இந்த வரிசை முழுவதையும் பிற்பாடு வெண்கலத்தில் அடித்து விற்றார்கள். பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோன வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு அமைதிப் பதக்கமே அடிக்கவில்லை. வரிசையில் பல் விழுந்த மாதிரி இருக்கக்கூடாது என்று அவருக்கும் பின்னால் ஒன்று செய்து சேர்த்தார்கள். இந்தப் பதக்கங்களை ஒரே மேசையில் வரிசையாக அடுக்கிப் பின்பக்கங்களை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரு அரசின் மனசு மாறிய கதை சத்தமில்லாமல் ஓடும்.

நம் பக்கத்துக்கு வருவோமா? 1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் மடிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அதற்கு ஒரு பதக்கம் போட்டது. சிங்கம் ஒன்று புலியைத் தரையில் அமுக்குகிறது. புலி யாரென்று சொல்லவே வேண்டாம்! சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில் அரபி வாசகம், "இறைவனின் சிங்கமே வெல்வது" என்ற பொருளில். இதை அடித்தது எங்கே? பர்மிங்ஹாமில், நீராவி இயந்திரத்துக்குப் பேர் போன மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில். வங்காளப் படைக்குக் கல்கத்தாவில் தனியாக, கொஞ்சம் சிறிய வட்டத்தில் அடித்தார்கள். பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த நிலைக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. அப்புறம் வெறும் வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். கோட்டை மதில் ஏறிய சாதாரண சிப்பாய்க்கு? வெள்ளீயம். மதராஸ் படையில் நின்று அந்தச் சண்டை போட்ட சிப்பாய்களுக்குக் கிடைத்தது அதுதான். ஒரே சண்டை, ஒரே படம், ஐந்து தரம். ஆளின் நிலையை உலோகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் நூறாண்டு கழித்தும் போகவில்லை. 1903-04இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் இந்தியப் படை திபெத்துக்குள் புகுந்து லாசா வரை போனது. அதற்கு அடித்த பதக்கத்தின் பின்பக்கத்தில் பொட்டாலா அரண்மனை, மலைமேல் அடுக்கடுக்காக. படைவீரருக்கு வெள்ளி. பனிக் கணவாய்களில் முதுகில் மூட்டை சுமந்து ஏறிய சுமையாட்களுக்கு வெண்கலம். இதில் எனக்கு உடம்பு சிலிர்க்கிற விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெற்றவரின் பெயரை விளிம்பில் பொறிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வெண்கலத் திபெத் பதக்கங்களின் விளிம்பைச் சுழற்றிப் படித்தால் "கூலி" என்று தொடங்கி ஒரு பெயர் வரும். அந்த ஆங்கிலச் சொல்லே நம் தமிழ்க் கூலியிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. எந்தச் சரித்திரப் புத்தகமும் அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் பெயர் மட்டும் மூன்று மில்லிமீட்டர் விளிம்பில் நிற்கிறது! இன்று இந்த வெண்கலப் பதக்கங்களைச் சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடுகிறார்கள். முதல் உலகப் போரிலும் இதே கதை: பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் அறுபது லட்சத்துக்கும் மேல், வெண்கலத்தில் ஏறக்குறைய 1,10,000, அதுவும் முக்கியமாகச் சீன, இந்திய, மால்டா உழைப்புப் படையினருக்கு.

ஆனால் அதே பிரிட்டிஷ் அரசின் ஆக உயர்ந்த போர்வீர விருது எந்த உலோகத்தில் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் வெண்கலம்தான்! 1856இல் ஏற்படுத்திய விக்டோரியா கிராஸ் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, பீரங்கி வெண்கலம். அந்த உலோகம் கெட்டியாக இருந்து அச்சையே விரிசல் விட வைத்ததால், அடிப்பதை விட்டு வார்ப்பு முறைக்குப் போனார்கள். "துணிந்தவருக்கு" என்று எழுதப் போனபோது, அப்படியானால் மற்றவர் துணிவில்லாதவரா என்று விக்டோரியா அரசியே வாசகத்தைத் திருத்தி "வீரத்துக்கு" என்று ஆக்கினாராம். இந்தியர்களுக்கு அந்த விருது கிடைக்கும் என்று ஆனது 1911இல்தான். பெல்ஜியத்தில் ஹொல்லெபெக் அருகே 1914 அக்டோபர் 31 அன்று, கூட இருந்தவர்கள் எல்லாரும் மடிந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதத் கான் அதை முதலில் பெற்றார். சுமையாளுக்கும் வெண்கலம், மகாவீரருக்கும் வெண்கலம். நடுவில் இருந்தவர்களுக்குத்தான் வெள்ளி!

சுதந்திர இந்தியாவின் பரம் வீர் சக்ராவும் வெண்கலமே. வடிவமைத்தவர் சாவித்திரி கனோல்கர், ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்து இந்த மண்ணோடு கலந்தவர். நடுவில் அரசு முத்திரை. சுற்றி நான்கு வஜ்ராயுதம். ததீசி முனிவர் தன் முதுகெலும்பையே ஆயுதம் செய்யக் கொடுத்த கதையிலிருந்து எடுத்தது. முதல் விருதைப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா அவர் வீட்டுச் சம்பந்த உறவு என்பது தற்செயலாக அமைந்தது. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உட்பட இதுவரை 21 பேர்தான் பெற்றிருக்கிறார்கள்.

சேர்க்க ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் கைப்பழக்கம் சொல்கிறேன். போலிகளில் பெரும்பாலானவை அசலை வைத்து வார்ப்பு எடுத்தவை. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும்; ஆகவே போலி அசலைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். அளவுகோல் பொய் சொல்லாது. விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிகிறதா, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுப்போ கரும்பச்சையோ அழுத்தமாக, சமமாக ஒட்டியிருந்தால் அது காலத்தின் கொடை, கை வைக்காதீர்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது நோய்! உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த பெட்டியில் வையுங்கள். மலிவான பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுபிசுவென்று பச்சைத் திரவம் கக்கும். இன்னொன்று, நூறு வயதைக் கடந்த பொருளை நம் நாட்டுத் தொல்பொருள் சட்டம், 1972ஆம் ஆண்டுச் சட்டம், தொல்பொருளாகவே பார்க்கிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

கடைசியாக ஒன்று. இது மார்பில் குத்துவதல்ல. கைகளில் ஏந்த வேண்டியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காக இறந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு வெண்கலத் தட்டு அனுப்பினார்கள். குறுக்களவு 12 சென்டிமீட்டர், ஒரு சின்னச் சோற்றுத் தட்டு போல. வடிவமைக்கப் போட்டி வைத்தபோது 800க்கும் மேற்பட்ட மாதிரிகள் குவிந்தன. போர்முனைகளிலிருந்தே சிலர் அனுப்பினார்கள். லிவர்பூல் கலைஞர் எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வென்றார், பரிசு 250 பவுண்டு. பிரிட்டானியா மாலை நீட்டி நிற்கிறாள், காலடியில் சிங்கம், இரண்டு டால்பின்கள். அடியில் குட்டிச் சிங்கம் ஒன்று கழுகைக் கிழிக்கிறது. சுமார் 13,55,000 தட்டுகள்! அதற்கு ஏறக்குறைய 450 டன் வெண்கலம்! பெண்களுக்கென்று கொடுத்தவை 600 அளவில்தான். அவற்றின் வாசகத்தில் மட்டும் "அவன்" என்பதற்குப் பதில் "அவள்" என்று இருக்கும். ஆங்கிலத்தில் அது ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், அந்த ஓர் எழுத்துக்காகவே சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள்.

பெயர் இருக்கும் சிறு கட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிற்பாடு வெட்டியதல்ல; வார்க்கும்போதே புடைத்து எழுந்த எழுத்துகள். அப்படியென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துத் தனித்தனியாக அச்சு கோத்திருக்கிறார்கள், பதிமூன்று லட்சம் முறை! அந்தப் பெயருக்கு முன்னால் பதவி எதுவும் இல்லை. ஜெனரல் என்றோ சிப்பாய் என்றோ இல்லை. எல்லோரும் ஒரே அளவுத் தட்டு, ஒரே உலோகம், வெறும் பெயர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐந்து தரமாகப் பிரித்தவர்கள் சாவில் ஒரே உலோகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இறந்த இந்தியச் சிப்பாய்களின் வீடுகளுக்கும் இந்தத் தட்டுகள் வந்தன. நம் கிராமங்கள் சிலவற்றில் அந்தப் போர் பற்றிய சலவைக்கல் பலகை சுவரில் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. அதில் எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணுக்குள் இருந்த ஒருவரின் பெயர், புடைத்த எழுத்துகளில், அதே ஊரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில், பழைய அண்டாவுக்கும் உடைந்த முறத்துக்கும் நடுவே, துணியில் சுற்றி இன்னும் இருக்கக்கூடும்.